மலைப்பூண்டுக்கு உயிர் உரமும் இரசாயன உரமும்

(சென்னை, கோபாலபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏர் ஓடும் நிலம் ஒரு குழியேனும் இல்லாத கோபாலபுரத்தில் பூண்டுச் சாகுபடியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின், பூண்டை விளைவிப்பது மலை என்றாலும் அதை வாங்கி உண்பது நகரமே ஆகும். இங்குள்ள மளிகைக் கடைகளில் இருவகைப் பூண்டு விற்பனைக்கு வருகின்றது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களிலிருந்து வருவது ஒன்று. நம் மலைகளில் விளையும் மலைப்பூண்டு மற்றொன்று. இரண்டாவதன் விலை எப்பொழுதும் சற்று உயர்ந்தே இருக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியக் குழம்பு வைக்கும் பாட்டியைக் கேட்டால், மலைப்பூண்டுதான் வேண்டும் என்பார். காரமும் மணமும் மிகுதி, நெடுநாள் கெடாது என்று காரணமும் சொல்லுவார். நாம் நிலத்தில் இடும் உரத்தைப் பொறுத்து இவ்விரு குணங்களும் ஓங்கவும் கூடும், குன்றவும் கூடும். உரம் என்பது விளைச்சலின் எடையை மட்டும் பற்றிய செய்தி அன்று என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே கடையிலிருந்து தொடங்கினோம்.

நம் மாநிலத்தில் பூண்டு சிறப்பாக விளையும் இடங்கள் இரண்டு. ஒன்று நீலகிரி. மற்றொன்று கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கூக்கால், கிளாவரை முதலிய ஊர்கள் அங்கு உள்ளன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கும், கொடைக்கானல் பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கும் இறங்குகின்றன. வடமாநில வியாபாரிகள் விதைக்கென்றே மேட்டுப்பாளையத்துக்கு வந்து பூண்டை வாங்கிச் செல்வதும் உண்டு. உதகமண்டலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ‘ஊட்டி 1’ என்ற இரகத்தை வெளியிட்டிருக்கின்றது.

இப்பயிரில் உழவர் போடும் பந்தயம் பெரிது. எக்டேருக்கு 500 முதல் 600 கிலோ வரை விதைப்பூண்டு வேண்டும். ஏக்கர்க் கணக்கில் பார்த்தால் 200 கிலோவுக்குக் குறையாது. நெல்லில் விதைச் செலவு ஒரு பொருட்டாகத் தோன்றாது. பூண்டிலோ, சந்தையில் நல்ல விலைக்குப் போகக்கூடிய சரக்கையே எடுத்து மண்ணில் புதைக்கின்றோம். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அத்தகைய ஆண்டில் விதை போடுகிறவர், “இவ்வளவு செலவு செய்தாயிற்று, இன்னும் ஒரு மூட்டை யூரியாவில் என்ன குடி முழுகிவிடும்?” என்று எண்ணுவது இயல்பே. வேம்பு பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 242 ரூபாய் என அரசு மானியம் கொடுத்துக் கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றது. ஒரு கிலோ பூண்டின் விலையைவிடக் குறைந்த விலைக்கு ஒரு மூட்டை உரம் கிடைக்கும்போது அளவு மீறுவதைத் தடுக்க வாய்ச்சொல்லால் ஆகாது. எனவே, அளவு மீறினால் பூண்டுக்குள்ளே என்ன நிகழ்கின்றது என்பதையே எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

இரசாயன உரம் நமக்குப் புதிது அன்று. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையைப் பாரி கம்பெனியார் 1906-இல் நம் இராணிப்பேட்டையில்தான் நிறுவினார்கள். 1951-இல் சிந்திரித் தொழிற்சாலை அமோனியம் சல்பேட்டை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தோன்றியபின் கிராம சேவகர்கள் அவ்வுரத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். அவ்வுரங்கள் விளைச்சலைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை. அவற்றை அறவே விலக்க வேண்டும் என்று கோ. நம்மாழ்வார் போன்ற பெரியவர்கள் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார்கள். அவ்வழியில் செல்வோரை நாம் மதிக்கின்றோம். எனினும், மேல்மலையில் பூண்டு பயிரிடும் பலர் மூட்டை உரத்தை நம்பியே விதை போடுகின்றார்கள். அவர்களுக்குப் பயன்படும் வகையில் பேசுவதே நம் நோக்கம். இங்கிருந்து வடக்கே, மணலியில், 1971-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் யூரியாவையும் உயிர் உரத்தையும் ‘விஜய்’ என்ற ஒரே பெயரில் விற்று வந்துள்ளது. ஒரே வாயிலிலிருந்து வரும் இவ்விரண்டையும் வயலில் பகையாளிகளாக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதே கேள்வி.

முதலில் மண்ணைப் பார்ப்போம். நீலகிரி, பழனி மலைகளில் கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. நெடுங்கால மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிட்டது. இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. நாம் இடும் மணிச்சத்தை அவை பற்றிக் கட்டிப்போடுகின்றன. ஆண்டுதோறும் சூப்பர் பாஸ்பேட் இட்டும் பயிர் மணிச்சத்துக்கு ஏங்குவது இதனால்தான். பெட்டியில் பணம் இருக்கின்றது, சாவி கையில் இல்லை. அமோனியம் சல்பேட்டையும் யூரியாவையும் அளவின்றி இட்டால் மண்ணின் புளிப்பு இன்னும் ஏறும். பூட்டு இன்னும் இறுகும்.

அடுத்தபடியாகப் பூண்டின் வேரைப் பாருங்கள். ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவி, பக்கத்தில் ஒரு நெற்பயிரின் வேரையும் கழுவி வைத்தால் வேற்றுமை விளங்கும். பூண்டின் வேர் தடித்த நூல் போன்றது, கிளைகள் குறைவு, மெல்லிய வேர்த்தூவிகள் மிகக் குறைவு. அது ஆழமும் போவதில்லை. மண்ணில் இலகுவாக நகராத மணிச்சத்தைத் தேடிப்போய்ப் பிடிக்க இத்தகைய வேரால் இயலாது. இயற்கை இக்குறையை வேறு வழியில் தீர்த்து வைத்திருக்கின்றது. வேர்ப்பூசணம் என்ற நுண்ணுயிர் பூண்டின் வேருக்குள் குடிபுகுந்து, தன் இழைகளை வேர் எட்டாத தொலைவுக்கு மண்ணில் பரப்பி, மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. அதற்குக் கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கின்றது. வெங்காயமும் பூண்டும் இப்பூசணத்தை மிகுதியாக நம்பி வாழும் பயிர்கள்.

இனி, பொட்டலத்தில் வரும் உயிர் உரங்கள். அசோஸ்பைரில்லம் என்பது வேரை ஒட்டி வாழ்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் 30,000 டன்னுக்கு மேற்பட்ட தழைச்சத்து இருக்கின்றது. அதில் ஒரு கிலோவைக்கூடப் பூண்டுச் செடி தானே எடுத்துக்கொள்ள முடியாது. இந்நுண்ணுயிர் அதைச் செய்கின்றது; கூடவே வேரின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளையும் சுரக்கின்றது. பாஸ்போபாக்டீரியா என்பது அமிலங்களைச் சுரந்து, கட்டுண்ட மணிச்சத்தில் ஒரு பகுதியைக் கரைத்து விடுவிக்கும். பொட்டாஷ் பாக்டீரியா, துத்தநாக பாக்டீரியா முதலியனவும் கடைகளில் உள்ளன. அவற்றைப் பற்றி இன்று விரிக்கவில்லை.

இவற்றின் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறுவது உழவருக்குச் செய்யும் தீங்கு. அசோஸ்பைரில்லம் பூண்டின் தழைச்சத்துத் தேவையில் ஒரு பகுதியைத்தான் தரும், முழுவதையும் தராது. மலைக்குளிரில் நுண்ணுயிர் மெதுவாகவே வேலை செய்யும். புளிப்பு மிகுந்த மண்ணில் அது சோர்ந்துவிடும். மக்கிய எரு இல்லாத மண்ணில் அதற்கு உணவே இல்லை. பொட்டலத்தை வாங்கிப் போட்டுவிட்டோம், இனி எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர், தாயத்தைக் கட்டிக்கொண்டு மருந்தை நிறுத்தியவரைப் போன்றவர்.

இங்கேதான் நம் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது நுண்ணுயிருக்குக் கடினமான உழைப்பு. பக்கத்திலேயே யூரியாவிலிருந்து வந்த தழைச்சத்து குவிந்து கிடந்தால் அது ஏன் உழைக்கப் போகின்றது? இருப்பதை உண்டுகொண்டு, தன் தொழிலை நிறுத்திவிடும். இது உவமைக்காகச் சொல்வது அன்று. அமோனியம் மிகுந்த இடத்தில் இவ்வேலையைச் செய்யும் நொதியின் இயக்கம் அடங்கிவிடுகின்றது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த செய்தி. வேர்ப்பூசணமும் அவ்வாறே. கரையும் மணிச்சத்தை மண்ணில் மிகுதியாகக் கொட்டினால், செடிக்குப் பூசணத்தின் துணை தேவைப்படாமற் போய், வேருக்குள் அது பரவுவதே குறைந்துவிடும். ஆக, இரசாயன உரத்தை முழு அளவுக்கும் மேலாக இட்டுவிட்டு, அதன்மேல் உயிர் உரத்தையும் இட்டால் இரட்டைப் பயன் கிடைக்கும் என்று எண்ணுவது வீண். ஒன்றின் அளவு அடங்கினால்தான் மற்றொன்று வேலை செய்யும்.

இதனினும் எளிய தவறு ஒன்று உண்டு. உயிர் உரப் பொட்டலத்தைப் பிரித்து, யூரியாவும் பொட்டாஷும் கலந்த கூடையிலேயே கொட்டி, ஒரே வீச்சில் வீசுவது. ஆட்கூலி மிச்சம் என்பது காரணம். உரத்தின் உப்பு, ஈரத்தை இழுத்து அந்நுண்ணுயிர்களை அங்கேயே மாய்த்துவிடும். நிலத்துக்குப் போய்ச் சேர்வது பொட்டலத்திலிருந்த கரித்தூள் மட்டுமே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் பூண்டுக்குப் பரிந்துரைத்துள்ள அளவு, எக்டேருக்குத் தொழு உரம் 50 டன், அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ, தழைச்சத்து 40 கிலோ, மணிச்சத்து 75 கிலோ, சாம்பல்சத்து 75 கிலோ, மக்னீசியம் சல்பேட் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 டன் ஆகும். இவை அடியுரம். நட்ட 45-ஆம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து 35 கிலோ. உயிர் உரமும் இரசாயன உரமும் இப்பரிந்துரையில் ஒரே வரியில் அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நம் உழவர் ஏக்கரில் கணக்கிடுவதால் அதை மாற்றிச் சொல்லுவோம். ஏக்கருக்குத் தொழு உரம் 20 டன். 200 கிராம் பொட்டலமாக அசோஸ்பைரில்லம் 4, பாஸ்போபாக்டீரியா 4. அடியுரமாக யூரியா 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 190 கிலோ, மியூரியேட் ஆப் பொட்டாஷ் 50 கிலோ, மக்னீசியம் சல்பேட் 20 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 400 கிலோ. மேலுரமாக யூரியா 31 கிலோ. பருவம் முழுவதற்கும் யூரியா ஒன்றரை மூட்டைதான். உங்கள் ஊரில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை போகின்றது என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன் முடிவுக்கு ஏற்ப இவ்வளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்ள வேண்டும்.

சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதிலாக டி.ஏ.பி. போட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். மூட்டை எண்ணிக்கை குறையும், மலைக்கு ஏற்றும் கூலியும் குறையும் என்பது உண்மை. ஆயின், பூண்டின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களால் அமைவன. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகம் இருக்கின்றது, டி.ஏ.பி.யில் இல்லை. எந்தக் குணத்துக்காக நகரத்தார் கூடுதல் விலை கொடுக்கின்றார்களோ அந்தக் குணத்துக்கு வேண்டிய சத்தை விட்டுவிட்டு லாரி வாடகையை மிச்சப்படுத்துவது நல்ல கணக்கு ஆகாது.

இடும் முறை மிக எளியது; வரிசைதான் முக்கியம். மண் பரிசோதனையில் புளிப்பு மிகுதி என்று தெரிந்தால், நடவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே சுண்ணாம்பையோ டாலமைட்டையோ சொன்ன அளவில் இட்டுக் கிளறிவிட வேண்டும். டாலமைட்டில் மக்னீசியமும் உண்டு. சுண்ணாம்பிடாமல் இத்தகைய மண்ணில் பாஸ்போபாக்டீரியாவிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டா. தொழு உரம் நன்றாக மக்கியதாக இருத்தல் வேண்டும்; பச்சைச் சாணமும் மக்காத கோழி எருவும் சூடு கிளப்பி, பற்களை அழுகச் செய்யும். கடைசிக் கிளறலின்போது சூப்பர், பொட்டாஷ், பிண்ணாக்கு ஆகியவற்றை இட்டு மண்ணோடு கலந்து ஒரு வாரம் விட்டுவிடலாம். பிறகு, நடவு நாளன்று, உயிர் உரப் பொட்டலங்களைச் சலித்த மக்கிய எரு 10 கிலோ, மண் 10 கிலோவுடன் நிழலில் கலந்து, சிறிது ஈரம் தெளித்து, நடும் கோடுகளில் தூவி, உடனே பற்களை ஊன்றி மண்ணை மூடிவிட வேண்டும். இவ்வளவு ஓர் ஏக்கருக்குப் போதும். வெயிலில் பரப்பி வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடக் கூடாது. அடியுர யூரியாவை நடும் கோட்டில் படாமல் கோடுகளுக்கு நடுவே இடுவது நன்று.

விதைப் பற்களை அழுகல் நோய்க்காகப் பூசண மருந்தில் நனைத்து நடும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படி நனைத்தவர்கள் அதே பற்களின்மேல் உயிர் உரத்தைப் பூச வேண்டா. மேலே சொன்னபடி எருவோடு மண்ணில் இடுவதே தக்கது. உருளைக்கிழங்குக்குத் தெளித்த போர்டோ கலவையின் மிச்சத்தைப் பூண்டு வரப்பில் ஊற்றுவதையும் விட்டுவிடலாம். மயில்துத்தம் நோய்ப்பூசணத்துக்கும் நல்ல நுண்ணுயிருக்கும் வேறுபாடு அறியாது. பூண்டுக்கு முன்பயிராகப் பட்டாணியோ பீன்ஸோ ரைசோபியம் சேர்த்துப் பயிரிட்டவர்களுக்கு மண்ணில் தழைச்சத்து சற்றே மிஞ்சியிருக்கும். அவர்கள் அடியுர யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

45-ஆம் நாளுக்குப் பிறகு யூரியாவைத் தொடாதீர்கள் என்று நாம் வற்புறுத்துவோம். பூண்டு குமிழ் கட்டும் பருவத்தில் தழைச்சத்து மிகுந்தால், குமிழுக்குள் அடங்கியிருக்க வேண்டிய பற்கள் அங்கேயே மீண்டும் முளைவிடும். கழுத்து தடிக்கும். வயலில் பார்த்தால் பச்சைப் பசேலென்று, அயலார் கண் படும்படி இருக்கும். பிடுங்கினால் பற்கள் வாய்பிளந்து நிற்கும். அத்தகைய பூண்டு ஈரம் மிகுந்தது, விரைவில் அழுகுவது. மலைக்குடிகள் பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காப்பார்கள். கழுத்துத் தடித்த பூண்டு அப்பரணில் நிலைக்காது. விலை ஏறும் வரை வைத்திருக்க முடியாமல், அறுவடை நாளின் விலைக்கே வியாபாரியிடம் கொடுத்துவிட நேரும். ஒரு மூட்டை மலிவு யூரியா பிடித்துக்கொள்ளும் வட்டி இதுவே.

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே ஒன்று கூற வேண்டும். உயிர் உரத்தைப் பற்றிய செயல்விளக்கங்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. வழக்கமாக இரண்டு பாத்திகள் போடுவார்கள். ஒன்றில் முழு இரசாயன உரம். மற்றொன்றில் முக்கால் பங்கு இரசாயன உரமும் உயிர் உரமும். இரண்டிலும் விளைச்சல் ஒன்றாக இருந்தால், கால் பங்கு உரத்தை உயிர் உரம் ஈடு செய்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். இம்முடிவில் ஓட்டை இருக்கின்றது. அந்தக் கால் பங்கு தொடக்கத்திலிருந்தே வீணாகப் போய்க்கொண்டிருந்த உரமாக இருந்தால்? அப்பொழுது உயிர் உரம் ஒன்றுமே செய்யாமல் பெயர் வாங்கிக்கொள்ளும். எனவே மூன்றாவது பாத்தி வேண்டும். அதில் முக்கால் பங்கு இரசாயன உரம் மட்டும், உயிர் உரம் இல்லை. இரண்டாம் பாத்தி முதலாவதற்குச் சமமாகவும், மூன்றாவது குறைவாகவும் விளைந்தால் உயிர் உரம் உழைத்தது என்று துணிந்து சொல்லலாம். மூன்றும் சமமாக இருந்தால், பொட்டலத்துக்கு உங்கள் நிலத்தில் வேலை இல்லை; ஆனால் கால் பங்கு உரச்செலவை இனி நிறுத்தலாம் என்ற உண்மை கிடைத்தது; அதுவும் வரவுதான். இரண்டாம் பாத்தியே குறைந்தால் மண்ணின் புளிப்பையும் எருவையும் முதலில் கவனிக்க வேண்டும்.

பாத்தி ஒவ்வொன்றும் 5 சென்ட் இருந்தால் போதும். மூன்றுக்கும் தொழு உரம் ஒரே அளவாக, பாத்திக்கு 1 டன் வீதம் இட வேண்டும். மலைச்சரிவில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பாத்தி பிரித்தால் மேலே இட்டது மழையில் கீழே இறங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். பக்கத்தில் பக்கமாகப் பிரித்து, நடுவே வரப்புப் போட வேண்டும். உயிர் உரம் இடாத பாத்திகளில் முதலில் நட்டு முடிக்க வேண்டும். இல்லையேல் அதே மண்வெட்டியும் அதே கையும் நுண்ணுயிரைச் சுமந்துசென்று சேர்த்துவிடும். அறுவடையன்று பச்சையாக நிறுப்பது போதாது. உலர்த்தி ஒரு தடவை, மூன்று மாதம் பரணில் வைத்தபின் ஒரு தடவை நிறுத்து, இரண்டையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். நம் மாநிலத்தில் நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சிகள் தினத்தன்று கிராம சபை கூடுகின்றது. அத்தகைய சபையில் இவ்வெண்களைப் படித்துக் காட்டினால், வல்லுநர் பத்துப் பேர் பேசுவதைவிட அவற்றுக்கு மதிப்பு மிகுதி.

எருவைப் பற்றிப் பேசாமல் உயிர் உரத்தைப் பற்றிப் பேசுவது அரிசியில்லாமல் உலை வைப்பது போலாகும். ஏக்கருக்கு 20 டன் தொழு உரத்துக்கு எங்கே போவது? மலையில் மாடுகள் குறைவு. சமவெளியிலிருந்து லாரியில் ஏற்றிவரும் எருவுக்கு வாடகையே விலையை மிஞ்சும். இதற்குத் தனி உழவரால் வழி காண முடியாது. ஊர் கூடித்தான் காண வேண்டும். காய்கறிக் கழிவு, கேரட் தழை, பீன்ஸ் கொடி, வீட்டு மக்கும் குப்பை ஆகியவை சாலையோரத்தில் அழுகிக் கிடப்பதை நாம் காண்கின்றோம். இவற்றை ஊராட்சி ஓரிடத்தில் சேர்த்து மக்கவைத்துப் பங்கிட்டுக் கொடுக்கலாம். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கின்றது. ஆடு வளர்ப்புப் பரவிய ஊர்களில் ஆட்டுக்கிடை கட்டுவதும் பழைய வழிதான், நல்ல வழியும்கூட. 20 டன் கிட்டாவிட்டால் 8 டன் கிட்டட்டும். அதைக் கோடுகளில் மட்டும் இட்டு வேருக்கு அருகில் சேர்த்தால் பரவலாக வீசியதைவிடப் பயன்தரும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். பழனி மலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகள் அமராவதியையும் சண்முக நதியையும் சேர்கின்றன; தென்சரிவு வைகைக்கு நீர் தருகின்றது. மேல்மலையில் மிகுதியாக இட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாதது மழையில் கரைந்து, கீழே குடிக்கிற ஊர்களுக்குப் போகின்றது. மேட்டில் இருக்கும் ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கில் இது எழுதப்படுவதில்லை.

மலையில் நிலமில்லாத உழவர்கள், “எங்களுக்கு இதில் என்ன?” என்று கேட்கலாம். சின்ன வெங்காயம் பயிரிடும் பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டத்தாருக்கு இம்முறை ஏறத்தாழ அப்படியே பொருந்தும். அதற்குப் பரிந்துரை, எக்டேருக்குத் தொழு உரம் 25 டன், அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ, அடியுரமாகத் தழைச்சத்து 30, மணிச்சத்து 60, சாம்பல்சத்து 30 கிலோ; 30-ஆம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து 30 கிலோ. வெங்காயத்தின் வேரும் பூண்டின் வேரைப் போன்றதே. சமவெளியின் வெப்பம் நுண்ணுயிருக்கு மலைக்குளிரைவிட ஏற்றது. ஈரம் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, பொட்டலம் வாங்குவது பற்றி. 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டுவந்தது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்றவற்றின் ஒரு கிராம் தூளில் 5 கோடிக்குக் குறையாமலும், திரவமானால் ஒரு மில்லி லிட்டரில் 10 கோடிக்குக் குறையாமலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நுண்ணுயிரின் பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள், எந்தப் பயிருக்கு உரியது என்பவை பொட்டலத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாததை வாங்க வேண்டா. நாள் கடவாத பொட்டலமானாலும், கடை வாசலில் யூரியா மூட்டையின்மேல் வெயிலில் கிடந்ததாயின் அதில் உயிர் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது ஐயமே. வேளாண்மைத் துறை, கடலூர், சேலம், குடுமியான்மலை முதலிய இடங்களில் தன் உற்பத்தி நிலையங்களில் உயிர் உரம் தயாரிக்கின்றது. பல்கலைக்கழகமும் கோயம்புத்தூரில் தயாரிக்கின்றது. உழவர் ஒவ்வொருவரும் தனித்தனியே நான்கு பொட்டலத்துக்கு அலைவதைவிட, நடவுக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சி வழியாகப் பெயர் எழுதி, தோட்டக்கலை அலுவலரிடம் மொத்தமாகக் கேட்டு வாங்குவது எளிது. மலைப்பாதையில் ஏற்றும்போது லாரியின் மேற்கூரையில் வைக்காமல், நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, ஓட்டுநர் அருகில் நிழலில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் சமையலறையில் அடுப்பருகே வைக்காமல் குளிர்ந்த அறையில், பூச்சிமருந்துக்கும் உர மூட்டைக்கும் விலகி வைக்க வேண்டும். நட்டது போக மீந்ததை அடுத்த பருவத்துக்கென்று எடுத்து வைக்காமல் எருக்குழியில் கொட்டி, மேலே ஈர மண்ணை மூடிவிடுங்கள்.